எங்கள் வீட்டை நாங்களே வரைவோம்

மாவனல்லை நகரிலிருந்து சற்றுத் தள்ளி, கண்டி வீதியோரமாக அமைந்திருக்கிறது நான் பணிபுரியும் மகளிர் நிலையம். அங்கே ஐந்து தையல் இயந்திரங்களும் மூன்று பழைய கணனிகளும் உள்ளன. தையல் வகுப்புக்கு எப்போதும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கணனிகளில் கடிதம் தட்டச்சு செய்வதும் பிள்ளைகளின் விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதுமே நடந்து வந்தன. 2023ஆம் ஆண்டிலிருந்து சனிக்கிழமை பிற்பகல்களில் அந்தக் கணனிகளில் எமது பெண்கள் வீட்டுப் படம் வரைகிறார்கள். அந்த அனுபவத்தை வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சமூகவியல் படித்தவள். கட்டிட வேலை பற்றி எந்தப் பயிற்சியும் பெற்றதில்லை. எனினும் வீடமைப்புத் திட்டமொன்றில் பெயர் வந்த பெண்கள், தமக்குத் தரப்பட்ட வரைபடத் தாளை முதலில் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். "மிஸ், இதுல எது முன் வாசல்?" என்று ஒருவர் கேட்பார். "இந்தக் கோணல் கோடு என்னாங்க?" என்று இன்னொருவர் கேட்பார். அந்தக் கோணல் கோடு கதவு திறக்கும் திசையைக் காட்டுகிறது என்று சொன்னதும், "அப்ப கதவு அடுப்புல இடிக்குமே!" என்று அவரே சொல்லிவிடுவார். படத்தை வாசிக்கத் தெரிந்த அடுத்த நிமிடமே அதிலுள்ள குறை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வாசிக்க முடியுமென்றால் ஏன் வரையவும் முடியாது என்ற எண்ணத்தில்தான் இந்த வகுப்பு ஆரம்பமானது.

வகுப்புக்கு வருபவர்கள் ஒரே வகையினர் அல்ல. தோட்டத்தில் றப்பர் பால் வெட்டும் அக்காமார் வருகிறார்கள். 2001ஆம் ஆண்டு மே மாதம் மாவனல்லையில் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட முஸ்லிம் சகோதரிகள் வருகிறார்கள். போர்முனையில் கணவனை இழந்த சிங்களச் சகோதரி ஒருவரும் வருகிறார். வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களின் பிள்ளைகளில் சிலர் 2009இன் பின்னர் தாய் தகப்பன் விட்டுப்போன இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவர்கள் வாழ்ந்த எந்த வீட்டையும் இவர்கள் திட்டமிடவில்லை. லயக் காம்பறாவைத் தோட்டம் கட்டியது. கூடாரத்தை நிவாரண நிறுவனம் அடித்தது. தற்காலிகக் கொட்டிலை யாரோ ஒருவர் அளந்து கொடுத்தார்.

வரைபடம் ஏன் முக்கியம்?

லயக் காம்பறா என்பது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதன் ஓரத்தில் அடுப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் வகுத்த இந்த அளவுக்குள்தான் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 2015இன் பின்னர் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற பேச்சு நடைமுறைக்கு வந்தது. பின்பு 10 பேர்ச்சஸ் என்றும் பேசப்பட்டது. ஒரு பேர்ச்சஸ் என்பது 272.25 சதுர அடி. ஆகவே 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,906 சதுர அடியாகும். தோட்ட வீடுகளிலும் வன்னி வீடுகளிலும் பொதுவாகக் கேள்விப்படும் வீட்டளவு 550 சதுர அடி.

வடக்கு கிழக்கில் இந்திய வீடமைப்புத் திட்டம் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் பெரிய அளவில் ஆரம்பமானபோது, வீட்டுச் சொந்தக்காரரே கட்டும் முறையில் புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழுந்தால் ஒரு தொகை, கூரை போட்டால் ஒரு தொகை என்ற ஒழுங்கு அது. இந்த முறையில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நம் விருப்பப்படி கட்டலாம் என்பது நல்லது. ஆனால் முதற்கட்டப் பணம் கையில் வந்ததும் ஆசையில் பெரிய அத்திவாரம் வெட்டினால், அடுத்த கட்டத்தை எட்டமுடியாமல் சுவர் பாதியில் நிற்கும். பாதியில் நின்றால் அடுத்த தொகை வராது. பிறகு நகை அடகுக்கடைக்குப் போகும், கடன்காரர் வாசலுக்கு வருவார். அத்திவாரத்தை வெட்டிய பிறகு அளவைக் குறைக்க முடியாது. தாளில் இருக்கும்போது ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட ஒரு சதமும் செலவில்லை. வரைபடம் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

எந்த மென்பொருள்?

ஓட்டோகாட் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1982ஆம் ஆண்டு வெளிவந்த அந்த மென்பொருளைத்தான் வரைஞர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும். எம்மைப் போன்ற நிலையங்களுக்கு அது எட்டாது. ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருள் ஒருகாலத்தில் கணனியில் இலவசமாகவே நிறுவக்கூடியதாக இருந்தது. அந்த இலவசப் பதிப்பு 2017உடன் நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பதை இணையத்தில்தான் பயன்படுத்தவேண்டும். எமது இணைய இணைப்போ மழை வந்தால் போய்விடும்.

ஆகவே ஸ்வீட் ஹோம் த்ரீ டி என்ற மென்பொருளைத் தெரிவு செய்தோம். இம்மானுவேல் பியுபாரே என்ற பிரெஞ்சுக்காரர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட இது முற்றிலும் இலவசமானது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். திரையின் ஒரு பக்கத்தில் மேலிருந்து பார்க்கும் படத்தை வரைய, மறுபக்கத்தில் அதே வீடு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். வாசிக்கச் சிரமப்படும் பெண்களுக்கும் இது பெரிய உதவி. மெனுவிலுள்ள ஆங்கிலச் சொற்கள் பதினைந்தை ஒரு மட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பொருள் எழுதிச் சுவரில் தொங்கவிட்டோம். அது போதுமானதாக இருந்தது.

வந்த சிக்கல்களும் தீர்த்த விதமும்

முதல் சிக்கல் அளவில் வந்தது. கணனி சென்ரிமீற்றரில் பேசியது. எமது பெண்களோ அடி, அங்குலத்தில்தான் நினைப்பார்கள். மேசனும் அப்படித்தான். 10 அடி என்று நினைத்து 10 என்று தட்டினால் விரல் நீளத்தில் ஒரு சுவர் வந்து நின்றது. விருப்பத் தெரிவுகள் என்ற பகுதிக்குப் போய் அலகை அங்குலத்துக்கு மாற்றியதும் அடியும் அங்குலமுமாகக் காட்டத் தொடங்கியது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் அலகைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சுவர்கள் பொருந்தாமல் போனது. நான்கு சுவரும் வரைந்தாயிற்று, அறையை நிரப்பச் சொன்னால் நிரப்பவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. சுவரின் நுனியைப் பிடித்து மற்றச் சுவரின் நுனிவரை இழுத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். "கழுத்துப் பட்டி சேராத சட்டை மாதிரி" என்றார் தையல் வகுப்பிலிருந்து வந்த ஓர் அக்கா. அதன்பிறகு யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது சிக்கலே மிகவும் முக்கியமானது. சுவரின் தடிப்பைச் சொல்லாவிட்டால் இந்த மென்பொருள் 7.5 சென்ரிமீற்றர், அதாவது 3 அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறது. எமது புளொக் கல் சுவரோ 6 அங்குலம். அத்தோடு நாம் போடும் கோடு சுவரின் நடுவால் போகிறது. ஆகவே 22 அடி என்று கோடு போட்டால் 6 அங்குலச் சுவருடன் வெளியளவு 22 அடி 6 அங்குலமாகிவிடும். வெளியே சரியாக 22 அடி வேண்டுமென்றால் 21 அடி 6 அங்குலத்துக்குக் கோடு போடவேண்டும். இதையும் தையல் தெரிந்தவர்களே முதலில் பிடித்துக்கொண்டார்கள். தையலுக்கு விடும் துணியைக் கணக்கில் எடுக்காமல் வெட்டினால் சட்டை இறுகும் அல்லவா? சுவரின் தடிப்பும் அப்படித்தான்.

இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டோம். வெளியளவு 22 அடிக்கு 25 அடி என்றால் 550 சதுர அடி. 6 அங்குல வெளிச்சுவரைக் கழித்தால் உள்ளே 21 அடிக்கு 24 அடி, அதாவது 504 சதுர அடி. 9 அங்குலச் செங்கற்சுவர் என்றால் உள்ளே 482 சதுர அடிகூட இல்லை. 46 சதுர அடி என்பது ஒரு குளியலறையின் அளவு. "550 சதுர அடி வீடு" என்று யாராவது சொன்னால், "உள்ளளவா வெளியளவா?" என்று கேட்பதற்கு எமது பெண்கள் இப்போது பழகிவிட்டார்கள்.

ஏனைய சிக்கல்கள் சிறியவை. பழைய கணனியொன்றில் முப்பரிமாணப் படம் கறுப்பாகவே இருந்தது. படத்தைக் காட்டும் பாகத்துக்கான மென்பொருள் பழையதாகியிருந்ததே காரணம். அதைப் புதுப்பித்ததும் சரிவந்தது. சரிவராவிட்டாலும் பாதகமில்லை, அந்தப் பகுதியை மூடிவிட்டு மேற்படத்தை மட்டும் வரையலாம். அச்சிடும்போது தாளுக்குப் பொருந்துமாறு கணனி தானே பெருப்பித்துவிடும். பக்க அமைப்பில் 1:50 அல்லது 1:100 என்று அளவுத்திட்டத்தைக் கொடுத்தால், ஏ4 தாளில் வரும் படத்தை மேசன் அடிமட்டம் வைத்து அளக்கலாம். மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும் மலைப்பகுதியில் ஒரு மரக்கிளை விழுந்தாலே இருட்டுத்தான். ஒவ்வொரு சுவர் முடிந்ததும் கொன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிப்பது எங்கள் வகுப்பின் சட்டம்.

அடுப்பு எங்கே?

மென்பொருளோடு வரும் பொருட்பட்டியலில் சோபா இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பியானோகூட இருக்கிறது. விறகடுப்பு இல்லை, அம்மியும் இல்லை. அதனால் ஒரு பெட்டியை எடுத்து, 3 அடி நீளம் 2 அடி அகலம் என்று அளவு கொடுத்து, அடுப்பு என்று பெயரிட்டோம். அதை வைத்த பிறகுதான் வகுப்பில் உண்மையான பேச்சுத் தொடங்கியது.

புகை எந்த யன்னலால் போகும்? விறகை எங்கே அடுக்குவது? அடுப்புக்கு முன்னால் இருவர் நிற்க இடமிருக்கிறதா? பெரிய பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் உடை மாற்றும் இடம் எது? மலசலகூடத்துக்கு இரவில் வெளியே போகவேண்டுமா, உள்ளேயிருந்தே போகலாமா? அதற்குத் தாழ்ப்பாள் உண்டா? முஸ்லிம் சகோதரியொருவர் முன் மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையில் ஒரு மறைப்புச் சுவர் போட்டார். "ஆம்பிளைகள் வந்தா உள்ளுக்கு இருக்கிற நாங்க அடைபட்டுப் போற. இப்படிப் போட்டா பின்னால போய் வரலாம்" என்றார். வன்னியிலிருந்து வந்த ஒருவர் பின்கதவை வலியுறுத்தினார். ஒரு கதவு மட்டும் உள்ள வீட்டில் தன்னால் நித்திரை கொள்ள முடியாது என்றார். யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் தமது படத்தில் பின்கதவு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

போரில் கால் இழந்த தம்பியோடு வாழும் ஒருவருக்குச் சாய்தளம் தேவைப்பட்டது. சக்கர நாற்காலிக்கு ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது பொதுவான கணக்கு. வீட்டுத் தளம் நிலத்திலிருந்து 18 அங்குலம் உயர்ந்தால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். முன்பக்கத்தில் இடம் போதவில்லை. பக்கச் சுவரோரமாகத் திருப்பி வரைந்தார். மலசலகூடக் கதவையும் 2 அடி 6 அங்குலத்திலிருந்து 3 அடியாக்கி, வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றினார். வீடு கட்டிய பிறகு இது நினைவுக்கு வந்திருந்தால் சுவரை உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் கொண்டுவருவதென்று 2016இல் எழுந்த சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் எங்கள் வாழ்க்கை முறைக்கும் அவை பொருந்துமா என்று மக்களும் பொறியியலாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. வீட்டில் அதிக நேரம் இருப்பவரும் அதிக வேலை செய்பவரும் பெண். அவளிடம் கேட்காமல் போடும் படத்தில் அவளுக்கு வேண்டியது தவறிப்போவது ஆச்சரியமல்ல.

28க்கு 30ஆ, 22க்கு 25ஆ?

எமது வகுப்பிலுள்ள ஓர் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும். பெற்றோர் 1977இல் இப்பகுதித் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்குப் போனவர்கள். இவர் அங்கே பிறந்தவர். கணவர் 2009இல் முல்லைத்தீவில் காணாமற்போனார். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனபோது, காணி அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க அவருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016இல்தான் சட்டம் வந்தது. அதற்குமுன்பே அவர் மகளோடு இங்கே மாமா வீட்டு லயத்துக்கு வந்து, பால் வெட்டப் பதிந்துகொண்டார்.

காணித்துண்டு கிடைப்பது உறுதியானதும் மாமா ஒரு மேசனை அழைத்து வந்தார். மேசன் 28 அடிக்கு 30 அடியில் அத்திவாரம் போடலாம் என்றார். "இப்ப போட்டுட்டா மத்தத பிறகு மெதுவா பாத்துக்கலாம்" என்பது அவருடைய யோசனை. மாமாவுக்கும் அது பிடித்திருந்தது. நாலு பேர் வந்தால் உட்கார ஒரு பெரிய ஹோல் வேண்டும் என்றார்.

அக்கா அங்கே ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு வீட்டையும் கணனியில் வரைந்தார். 22க்கு 25 என்றால் 550 சதுர அடி, சுற்றளவு 94 அடி. 28க்கு 30 என்றால் 840 சதுர அடி, சுற்றளவு 116 அடி. அத்திவாரத்தில் 22 அடிதான் வித்தியாசம், அதனால் ஆரம்பத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கூரையும் தளமும் பாதிக்கு மேல் கூடிவிடுகின்றன. கிளிநொச்சியில் கூரையில்லாமல் நின்ற வீடுகளைப் பார்த்தவர் அவர். "அங்க எங்க பக்கத்து வீட்டுக்காரம்மா மூணு வருசம் தகரத்துக்குக் கீழ இருந்தாங்க, சுவர மட்டும் பாத்துக்கிட்டு" என்றார்.

படத்தில் 22க்கு 25 வீட்டை வைத்து, இடப்பக்கம் 9 அடியை வெறுமையாக விட்டார். அந்தப் பக்கச் சுவரில் யன்னல் வைக்கும் இடத்தில் கதவு உயரத்துக்கு நிலை வைத்து, அடிப்பாகத்தைக் கல்லால் அடைத்தார். மகள் படித்து வேலைக்குப் போன பிறகு, அந்தக் கல்லை எடுத்துவிட்டு அடுத்த அறையைச் சேர்க்கலாம். இரண்டு படத்தையும் ஒரே அளவுத்திட்டத்தில் அச்சிட்டு எடுத்துப்போய் மாமாவுக்கும் மேசனுக்கும் முன்னால் வைத்தார்.

நான் அங்கே இருக்கவில்லை. என்ன நடந்தது என்பதை அவரே வந்து சொன்னார். மாமாவுக்குக் கோபம் வந்ததாம். மேசன் தாளை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "அளவு சரிதான்" என்றாராம். பிறகு சீமெந்து எத்தனை மூடை என்ற பேச்சுக்குப் போய்விட்டார்களாம். "நான் வாயால சொல்லியிருந்தா பொம்பளப் பேச்சுன்னு விட்டிருப்பாங்க மிஸ். தாள்ல இருந்ததால அளந்து பாக்க வேண்டியதாப் போச்சு" என்றார். மாமா இன்னும் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெட்டிய அத்திவாரம் 22க்கு 25தான்.

கணனி சொல்லாதவை

இந்த மென்பொருள் தரையை மட்டமாகவே காட்டும். எங்கள் நிலம் மட்டமானதல்ல. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி மாவனல்லைக்கு அருகிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிறிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய ஆகிய கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலைநாடெங்கும் மீண்டும் மண்சரிந்தது. அழகான படம் வரைந்தாலும் நிலம் பாதுகாப்பற்றதென்றால் பயனில்லை. கேகாலை, இரத்தினபுரி உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறவேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர் என்பவை அபாய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அயலவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள்.

நாம் வரையும் படம் அனுமதிக்குப் போகும் படமும் அல்ல. பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் தகுதிபெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும். தூண், வளை, கூரை மரத்தின் கனம் என்பவற்றை அவர்தான் தீர்மானிப்பார். நமது படத்தை அவரிடம் கொடுத்து, "எனக்கு வேண்டியது இது" என்று சொல்லலாம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது வழமையான அறிவுரை. சிறிய காணிகளில் பக்கத்து வீட்டுக் குழியையும் படத்தில் குறித்தால்தான் இது தெரியவரும்.

இன்னொன்றையும் கணனி கேட்காது. வீடு யாருடைய பெயரில்? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரிமை நியமிக்கப்படாத காணியில் ஆண் வாரிசுக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் படிவத்தில் பெயர் எழுதும் கை மாறுவதற்குக் காலம் எடுக்கும். எங்கள் வகுப்பில் படத்தின் கீழ் வலது மூலையில் வீட்டுச் சொந்தக்காரியின் பெயரை எழுதிய பிறகுதான் அச்சிடுவோம். அது சட்டப்படி உறுதி ஆகாது. ஆனால் அந்த இடத்தில் தன் பெயரைப் பார்த்துப் பழகிய பெண், காணிப் பத்திரத்திலும் அதைத் தேடுவாள்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் கணனி இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. பிள்ளையின் சதுரக் கட்டக் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் நாடாவால் நீங்கள் இப்போது இருக்கும் அறையை அளந்து முதலில் அதை வரையுங்கள். பிறகு கட்டிலையும் அடுப்பையும் அலுமாரியையும் அதே கணக்கில் சிறு தாள்களாக வெட்டி மேலே வைத்து நகர்த்திப் பாருங்கள். கதவு திறக்கும் இடத்தை விடுங்கள், சுவரின் தடிப்பைச் சேருங்கள். அடுத்தமுறை உத்தியோகத்தரோ மேசனோ ஒரு வரைபடத்தோடு வரும்போது, முன் வாசல் எது என்று நீங்கள் கேட்கத் தேவையிருக்காது. உள்ளளவு எவ்வளவு, பின்கதவு எங்கே, பத்திரம் யார் பெயரில் என்று கேட்பீர்கள். பதில் கிடைத்த பின்னர் அத்திவாரம் வெட்டினால் போதும்.